பதில்: 'லெ மோந்த்' இதழில் தேதி ஒரு நாள் தள்ளியிருப்பது ஏன்?

பிரெஞ்சு நாளிதழான 'லெ மோந்த்' வெளியிட்ட தாக்குதல் செய்தியை மேற்கோள் காட்டும்போது, ஆய்வேட்டில் அதன் தேதியை 9 ஜனவரி 2015 என்றே குறிப்பிடுங்கள். 'சார்லி எப்தோ' என்ற பாரிஸ் நையாண்டி வார இதழின் அலுவலகத் தாக்குதலை 'லெ ஃபிகாரோ'வும் 'லிபெராசியோன்' நாளிதழும் 8ஆம் தேதியிட்ட இதழிலும், 'லெ மோந்த்' 9ஆம் தேதியிட்ட இதழிலும் முதற்பக்கச் செய்தியாக்கியிருப்பதாக நீங்கள் கண்ட வேறுபாடு பதிவுப் பிழையன்று.

முதலிரண்டும் காலை இதழ்கள். 'லெ மோந்த்' பாரிஸில் பிற்பகலில் கடைக்கு வந்து மறுநாள் தேதியைத் தாங்கும் இதழ். 1944 டிசம்பர் 18 அன்று வெளிவந்த அதன் முதல் இதழிலேயே 19 என்ற தேதிதான் இருந்தது. தாக்குதல் ஜனவரி 7 அன்று முற்பகல் பதினொன்றரை மணியளவில் நடந்தது. அன்று பிற்பகல் விற்பனைக்கு வந்த, 8ஆம் தேதியிட்ட இதழ் அதற்குள் தயாராகிவிட்டதால், அடுத்த நாள் பிற்பகல் இதழே அச்செய்தியை விரிவாகத் தாங்கியது. ஆகவே அந்த நாளிதழ் ஒரு நாள் தாமதித்ததாக உங்கள் ஒப்பீட்டில் எழுதிவிடாதீர்கள். வேறுபாடு சில மணி நேரமே.

மற்ற மேற்கோள்களைச் சரிபார்க்க, வார இறுதி இதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சனிக்கிழமை பிற்பகல் வரும் இதழில் ஞாயிறு, திங்கள் ஆகிய இரு தேதிகளும் சேர்ந்தே இருக்கும். மேற்கோளிலும் இரண்டையும் தர வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: இணையப் பதிப்பின் கட்டுரைகள் வெளியான நாளையே காட்டும், தலைப்பும் சில வேளைகளில் அச்சிலிருந்து மாறுபடும். எந்தப் பதிப்பைப் படித்தீர்களோ அதன் தேதியையே தாருங்கள்.