ஸ்காபரோ பேஸ்மென்ட்டில் உடுப்புத் தோய்ப்பும் ஹைட்ரோ பில்லும்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவுக்கு வந்து முதல் குளிர்காலம், பேஸ்மென்ட் (நிலக்கீழ்த் தளம்) வாடகை, ஹைட்ரோ பில்லில், அதாவது கரண்ட் பில்லில், மூன்றில் ஒரு பங்கு உங்கள் பொறுப்பு. கைக்குழந்தையின் உடுப்பு தினமும் குவிகிறது, பில்லும் ஏறுகிறது, உடுப்புக் காயவைக்கிற ட்ரையரைப் போடவே பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கணக்கைச் சரியாகப் பார்ப்போம். வோஷிங் மெஷின் சுற்றுவதற்குப் பெரிதாகக் கரண்ட் போகாது. செலவெல்லாம் சூட்டில்தான். சுடுதண்ணீரில் தோய்த்தால், அந்தத் தோய்ப்புக்குப் போகும் சக்தியில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கவே போய்விடும். ட்ரையரும் அப்படித்தான். 240 வோல்ட்டில் ஓடுகிற சாதாரண ட்ரையர் ஒரு தரத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் எடுக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அறையில் சின்ன ஹீட்டர் ஏதும் வைத்திருக்கிறீர்களா? 1,500 வாட் ஹீட்டர் இரவில் 8 மணித்தியாலம் நிற்காமல் ஓடினால் 12 யூனிட். நான்கு தரம் ட்ரையர் போட்டதற்குச் சமம், அதுவும் ஒவ்வொரு இரவும். குளிர் தொடங்கியதும் பில் ஏறியது என்றால் என் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் போகும். குழந்தையின் உடுப்பைக் குறைக்கிறேன் என்று உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்.

சரி, இனித் தோய்ப்புக்கு வருவோம். அன்றாட உடுப்புக்குப் பச்சைத்தண்ணீர் போதும். இப்போதைய சோப்பில் இருக்கிற என்சைம்கள் குளிர்ந்த தண்ணீரிலும் வேலை செய்யும். ஆனால் இங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இல்லை, கை விறைக்கும். அந்தத் தண்ணீரில் சோப்புப் பவுடர் சரியாகக் கரையாமல் கறுப்பு உடுப்பில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். அதனால் குளிர் மாதங்களில் திரவ சோப்பு வாங்குங்கள். குழந்தை அசுத்தம் பண்ணிய துணிகளையும், வீட்டில் யாருக்காவது வருத்தம் என்றால் அவர்களுடைய படுக்கை விரிப்பையும் மட்டும் தனியாகச் சுடுதண்ணீரில் போடுங்கள். சோப்பை அள்ளி ஊற்ற வேண்டாம். நுரை கூடினால் அலசல் சரிவராது, மெஷின் மேலதிகமாக ஒருதரம் அலசும், தண்ணீர்ப் பில்தான் கூடும்.

எல்லோரும் கவனிக்காமல் விடுகிற பொத்தான் ஒன்று இருக்கிறது, 'ஸ்பின்'. அதை உடுப்புத் தாங்குகிற அளவுக்கு ஆகக் கூடிய வேகத்தில் வையுங்கள். துணியிலிருந்து தண்ணீரைச் சுழற்றிப் பிழிந்தெடுப்பதற்கு ஆகும் கரண்ட், அதே தண்ணீரை ட்ரையரில் சூடாக்கி ஆவியாக்குவதற்கு ஆவதில் ஒரு சிறு துளிதான். துவாய், ஜீன்ஸ் எல்லாம் வெளியே எடுக்கும்போது பாரமாக இருந்தால் இன்னொரு தரம் ஸ்பின் மட்டும் போடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே ட்ரையர் ஓடும் நேரம் நன்றாகக் குறையும்.

அப்புறம், குளிர்காலத்தில் வீட்டுக்குள் காயப்போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். வெளிக்காற்று சைபருக்குக் கீழே போய், அதை வீட்டைச் சூடாக்குகிற இயந்திரமான ஃபர்னஸ் சூடாக்கும்போது வீட்டுக் காற்று வறண்டுவிடும்; உதடு வெடிக்கும், குழந்தைக்கு மூக்கு அடைக்கும். பலர் காசு கொடுத்து, காற்றுக்கு ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபையர் வாங்கி ஓடவிடுகிறார்கள். ஈர உடுப்பு அந்த வேலையைச் சும்மா செய்து தரும். மடிக்கிற ரேக் ஒன்று வாங்கி, சுடுகாற்று வருகிற துவாரத்துக்கு அருகே, அதை மூடாமல் வையுங்கள். இரவில் போட்டால் மெல்லிய உடுப்பு விடியக் காய்ந்திருக்கும். இதில் இன்னொரு இலாபமும் உண்டு: ட்ரையர் ஓடும்போது வீட்டுக்குள் இருக்கிற சூடான காற்றைத்தான் இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. அதற்குப் பதிலாக உள்ளே வருகிற குளிர்காற்றை ஃபர்னஸ் திரும்பவும் சூடாக்க வேண்டும்.

பேஸ்மென்ட் என்பதால் ஒரு எச்சரிக்கை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக வடிந்தால் ஈரப்பதம் கூடிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ரேக்கில் பாதியாகப் போடுங்கள், குளியலறை ஃபேனை ஓடவிடுங்கள். கவனிக்காமல் விட்டால் மூலைச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், கைக்குழந்தைக்கு அது கூடவே கூடாது. மின்சார ஹீட்டரின் மேல் மட்டும் ஒருபோதும் துணி போடாதீர்கள், நெருப்புப் பிடிக்கும். கோடையில் பேஸ்மென்ட் ஈரமாகவே இருக்கும், அப்போது வளவில் கொடி கட்டுவதுதான் நல்லது. தனி வீடுகளில் கொடி கட்டக்கூடாது என்றிருந்த கட்டுப்பாடுகளை ஒன்ராறியோ அரசு 2008இல் செல்லாததாக்கிவிட்டது. வாடகைக்கு இருப்பதால் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ட்ரையர் போட வேண்டிய நாளும் வரும். ஒவ்வொரு தரமும் பஞ்சு வடிகட்டியைத் துடையுங்கள். அதைக் குழாயின் கீழே பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வலையில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றால், உடுப்போடு ட்ரையருக்குள் போடுகிற வாசனைத் தாள்கள் விட்ட மெழுகுப் படலம் பிடித்திருக்கிறது. பழைய பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். அந்தப் படலம் காற்றை அடைத்தால் அரை மணியில் காய வேண்டியது ஒரு மணியாகும்.

நேரமும் முக்கியம். நேரத்துக்கு நேரம் கரண்ட் விலை மாறுகிற வழமையான கட்டணத் திட்டத்தில் கிழமை நாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரையும், சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் நாள் முழுவதும் மலிவு. குளிர்காலத்தில் காலை 7 முதல் 11, மாலை 5 முதல் 7, இவைதான் உச்ச நேரம்; கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பு. 2023இல் வந்த இன்னொரு திட்டத்தில் இரவு 11க்குப் பிறகு மிகமிக மலிவு, ஆனால் கிழமை நாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதைப்போல பத்து மடங்கு. மாலையில் மின்சார அடுப்பில் சோறு கறி சமைக்கிற குடும்பத்துக்கு அது சரிவராது என்பது என் எண்ணம். நடுச்சாமத்தில் ட்ரையரைப் போட்டுவிட்டு நித்திரைக்குப் போவதும் ஆபத்து.

பில் வீட்டுக்காரரின் பெயரில் என்பதால், எந்தத் திட்டம் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள், பில்லிலேயே இருக்கும். பேசும்போது அந்த ஹீட்டர் விஷயத்தையும், ஃபர்னஸ் சூடு கீழே சரியாக வருகிறதா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். சூடு வராவிட்டால் அதைச் சரிசெய்து தர வேண்டியது அவருடைய பொறுப்பு, தங்கச்சி.