சந்தியில் தகரச் சிலை: தரகருக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் இளைஞர் கழகத்தினர். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கழற்றிய பழைய தகரம், தார் பெரல், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ஒதுக்கிப்போட்ட இரும்பு ஆகியவற்றைக் கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தை ஏழடியில் செய்து, எல்லோரும் பார்க்கச் சந்தியில் வைக்க விரும்புகிறோம். அனுமதியும் எடுத்துத் தந்து, போதாத இரும்பையும் தருவதாகச் சொல்லித் தரகர் ஒருவர் 60,000 ரூபா முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விற்கும் முதற்பொருளான அனுமதியை நீங்களே கேட்கலாம். இரண்டாவதான இரும்பு உங்களைப் பொலிஸ் வரை கொண்டுபோய் விடக்கூடியது.

தரகர்கள் அனுமதி என்று வழக்கமாகக் காட்டுவது, பிரதேச சபைக்கு எழுதிய கடிதத்தின் பிரதியைத்தான். அதில் திகதி முத்திரை இருக்கும். கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டுமே அந்த முத்திரை, அனுமதித்ததற்கு அல்ல. அதை நம்பிச் சிலையை நட்டால், யாரோ ஒருவர் முறைப்பாடு செய்யும் நாளில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்து பிடுங்கிவிடும்.

உங்களுக்கு முதலில் தெரியவேண்டியது காணி யாருடையது என்பது. பெரிய தோட்டங்களின் காணி பெரும்பாலும் அரசுடையது. 1992இல் அதன் முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போனது, பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. ஆகவே தோட்ட எல்லைக்குள் என்றால் முகாமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். துரை (முகாமையாளர்) வாயால் சொன்னது போதாது. அவர் மாற்றலாகிப் போனால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். ஏ7 போன்ற பிரதான வீதியோரம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அங்கே முயலவே வேண்டாம்.

2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபை வேலை செய்ய வழி திறந்தார்கள். இன்றும் சபையில் கேட்டால் தோட்டத்தைக் கேட்கச் சொல்கிறார்கள்; தோட்டத்தில் கேட்டால் கொழும்புத் தலைமை அலுவலகத்தைக் காட்டுகிறார்கள். இருநூறு வருடமாக அந்த மண்ணில் உழைத்தவர்களின் பிள்ளைகள், ஒரு தகர உருவத்தை நிறுத்த ஒரு கையெழுத்துக்காக அலைய வேண்டியிருக்கிறது. தரகர்களுக்குச் சோறு போடுவது இந்த இழுத்தடிப்புத்தான். அளவு எழுதிய வரைபடம், இடத்தின் புகைப்படம் இரண்டையும் இணைத்து முகாமையாளருக்கும் சபைச் செயலாளருக்கும் நீங்களே கடிதம் கொடுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடிதத்துக்கு என்ன நடந்தது என்று சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இனி இரும்பு. தரகர் மலிவாகத் தரும் குவியலில் ரயில் பாதைத் துண்டு, வீதிப் பெயர்ப்பலகை, மின்கம்பி, குழாய்நீர் மீற்றர் எது இருந்தாலும் அது பொதுச் சொத்து. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டத்தின் கீழ் பிணை எடுப்பதே பெரும்பாடு. சந்தியில் நிற்கும் சிலையில் அது எல்லோர் கண்ணிலும் படும். தேடப்படுவது விற்றவரல்ல, நீங்கள்.

'ஸ்டோரில் ஒதுக்கிப்போட்டதை எடுக்கலாம்தானே?' என்பீர்கள். எடுக்கலாம், ஆனால் பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடக்கும், கொழுந்து உருட்டும் ரோலரின் பாகம்கூட, கணக்கிலிருந்து எழுத்தில் நீக்கப்படும்வரை தோட்டத்தின் பொருள்தான். எத்தனை துண்டு, எத்தனை கிலோ, என்ன தேவைக்கு என்று எழுதி முகாமையாளர் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். வெளியே கொண்டுவரும் அன்றைக்கே அதே எடையோடு கேட் பாஸ் வேண்டும். கடிதத்தில் 80 கிலோ, பாஸில் 120 கிலோ என்றால் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். ஸ்டோர் உத்தியோகத்தர் தனியாகக் கொடுத்த துண்டுச் சீட்டு செல்லாது. லயத்துத் தகரமும் அப்படியே: மூன்று தலைமுறை அங்கே குடியிருந்தாலும் கூரை தோட்டத்தின் சொத்து. இந்தத் தாள்களின் பிரதிகளைக் கழகக் கோப்பில் வையுங்கள்.

கழற்றிய கூரையில் அஸ்பெஸ்டோஸ் சீட் இருந்தால் தொடாதீர்கள். நீல வகை 1987இலேயே தடைசெய்யப்பட்டது; வெள்ளை விற்பனையில் இருப்பதால் அது ஆபத்தில்லாதது என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் தூசும் புற்றுநோய் தரும்.

வேலையில் பெரும்பாலும் பிழைக்கும் இடம் வெல்டிங். கூரைத் தகரம் அரை மில்லிமீற்றர்கூட இராது, வெல்டிங் கம்பி வைத்ததும் ஓட்டை விழும். தகரத்தின் நாக (துத்தநாக) பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். எலும்புக்கூட்டை மட்டும் ஒன்றரை அங்குலப் பெட்டிக் குழாயில் வெல்ட் செய்யுங்கள். தகரங்களை ஓர் அங்குலம் மேற்படிய வைத்து, மூன்று அங்குலத்துக்கு ஒரு ரிவெட் அடியுங்கள். தார் பெரலை உளியால் வெட்டுங்கள். உள்ளே ஆவி தங்கியிருந்தால் கிரைண்டர் பொறியிலேயே வெடிக்கும். களைநாசினிக் கொள்கலன் எதுவும் வேண்டாம்.

மேற்குச் சரிவில் வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். சிலைக்குள் நீர் தேங்கினால் உள்ளிருந்தே துரு தின்னும். ஆகவே மடிப்பு ஒவ்வொன்றின் தாழ்ந்த புள்ளியிலும் 10 மில்லிமீற்றர் துளை விடுங்கள். இரும்புக் கூட்டுக்கு ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சு, மேலே எனாமல். மே மாத மழைக்கு முன், வெயிலுள்ள மாதங்களில் முடியுங்கள். ஈரத்தில் பூசிய பெயின்ட் உரிந்துவிடும். தகர உருவம் கனமில்லாதது, காற்றைப் பிடிக்கும். இரண்டரை அடிச் சதுரம், இரண்டடி ஆழம் கொன்கிரீட் போட்டால் அடித்தளம் ஏறத்தாழ 800 கிலோ வரும். நான்கு போல்ட்டுகளை அதில் புதைத்து, அடித்தகட்டை அவற்றில் இறுக்குங்கள். கொட்டிய மண்ணிலோ மண்மேட்டு விளிம்பிலோ வைக்காதீர்கள்.

பொது இடத்தில் வைத்தால் பிள்ளைகள் ஏறுவார்கள், அதை யாராலும் நிறுத்த முடியாது. தகர விளிம்பை இரண்டு தடவை மடித்து அடியுங்கள். தலை சிக்கக்கூடிய 9 முதல் 23 சென்ரிமீற்றர் வரையான இடைவெளி எங்கும் வேண்டாம். கண் தெரியாதவர் தடவிப் பார்க்கவும், சக்கர நாற்காலியில் வருபவருக்கு எட்டவும், கொழுந்துக்கூடையும் ஒரு கையும் தரையிலிருந்து இரண்டரை முதல் நான்கடிக்குள் வரட்டும். மேடை கட்டாமல் விடுவது நல்லது. கட்டத்தான் வேண்டுமென்றால், ஆறு அங்குல உயரத்துக்கு ஆறடி நீளச் சாய்தளம் வேண்டும். அதற்கு இடமிருக்கிறதா என்பதை அத்திவாரம் தோண்டும் முன்பே அளந்து பாருங்கள்.