இணைய டைரக்டரிகளில் என் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் வருகின்றன. எப்படி நீக்குவது? எண்ணையே மாற்றிவிடலாமா?

நீக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் நீக்க முடியாது. எண்ணை மாற்ற வேண்டாம். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. மும்பை செம்பூரில் தம்பியோடு சேர்ந்து, ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரித்துக் கொடுக்கும் சிறு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் ஒன்றை நடத்தி, பிறகு அதை மூடியவள். நிறுவனம் போய்விட்டது, அதன் பெயரோடு ஒட்டிக்கொண்ட என் எண் மட்டும் போக மறுத்தது. ஆகவேதான் இந்தக் கேள்வியைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. உங்களுக்கும் ஏதாவது ஒரு தொழில் பதிவோ, சொந்த இணையதளமோ இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். மாதச் சம்பளக்காரர்களின் வீட்டு முகவரி இப்படிப் பல தளங்களில் ஒரே நேரத்தில் வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே வொயிட்பேஜஸ், ஸ்போக்கியோ போன்ற ஆள் தேடும் தளங்களில் பெயரை நீக்கக் கோரும் படிவம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2023-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஆட்களின் விவரங்களைத் திரட்டி விற்கும் தரவு வணிகர்கள் அனைவருக்கும் ஒரே விண்ணப்பத்தில் கோரிக்கை வைக்கும் வசதியும் 2026 தொடக்கத்தில் வந்துவிட்டது. அங்கே இருக்கும் உறவினர்களுக்கு அதை அனுப்புங்கள். நமக்கு அதனால் பயன் குறைவு. இங்கே உங்கள் எண் வெளியே போகும் வழிகள் வேறு: கம்பெனிப் பதிவேடு, டொமைன் (இணையதளப் பெயர்) பதிவு, வாடிக்கையாளர் வருவார்கள் என்று நாமே பெயர் கொடுத்த வணிக டைரக்டரி, பிறகு மற்றவர்களுடைய ஃபோன்களில் உள்ள முகவரிப் பட்டியல். எந்தத் தளத்தில் வருகிறது என்பதைவிட, எங்கிருந்து அந்தத் தளத்துக்குப் போனது என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் தளம் தளமாக மின்னஞ்சல் எழுதினால், நீக்கிய அடுத்த மாதமே வேறொரு பக்கத்தில் வந்து நிற்கும்.

எங்கள் கதையைச் சொன்னால் இது தெளிவாகும். 2014-இல் நிறுவனத்தைப் பதிவு செய்தபோது, பதிவு அலுவலகமாக செம்பூர் வீட்டு முகவரியைத்தான் கொடுத்தோம். இதைப் படித்துவிட்டு "வீட்டு முகவரியைக் கொடுத்தது உங்கள் தவறு" என்று யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். சட்டம் அதை அனுமதிக்கிறது, மும்பையில் தனியாக அலுவலகம் பிடித்துத் தொழில் தொடங்கும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதையும் அவர்களே சொல்லட்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்த முகவரியும் இயக்குநர்களின் பெயர்களும் இருக்கும், அவற்றை நகலெடுத்து வெளியிடும் தனியார் தளங்களும் இருக்கும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தவைதான். பெயர் ஒத்திருக்கும் இரண்டு நிறுவனங்களை அத்தகைய ஒரு தளம் ஒன்றாகச் சேர்த்துவிடும் என்பதுதான் தெரியாது.

கொரோனாவுக்குப் பிறகு நிறுவனத்தை மூடி, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் வேலையையும் முடித்திருந்தோம். ஒரு மத்தியானம் பிவண்டியிலிருந்து துணி வியாபாரி ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். வீட்டில் அம்மா மட்டும். கதவுச் சங்கிலியை எடுக்காமலேயே பேசியிருக்கிறார். எத்தனையோ வருடங்களாக மும்பையில் இருந்தும் அம்மாவின் இந்தி காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதோடு சரி. வந்தவர் பேசியதில் 'பைசா' என்ற சொல் மட்டும் புரிந்து, நான் யாரிடமோ கடன் வாங்கிவிட்டேன் என்று தீர்மானித்து எனக்கு ஃபோன் செய்தார். "என்னடி பண்ணி வெச்சிருக்கே, வாசல்ல ஆள் வந்து நிக்கறான்" என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் தகவல்.

குர்லாவிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு டைரக்டரிப் பக்கத்தின் பிரிண்ட், அதில் எங்கள் முகவரியின் மேல் மஞ்சள் மார்க்கர். சூரத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் அவருக்குப் பணம் பாக்கி வைத்துவிட்டு ஃபோனை எடுப்பதில்லையாம். தாளை வாங்கிப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நிறுவனங்களுக்குக் கொடுக்கப்படும் சிஐஎன் எண் எழுத்தும் இலக்கமுமாக 21 இடங்கள் கொண்டது; எந்த மாநிலத்தில், எந்த ஆண்டில் பதிவானது என்பது அதற்குள்ளேயே இருக்கும். எங்களுடையது மகாராஷ்டிரம் ஆகையால் நடுவில் 'எம்எச்' வர வேண்டும். தாளில் இருந்தது 'ஜிஜே', அதாவது குஜராத். பதிவு ஆண்டும் வேறு. பெயரும் எண்ணும் சூரத் நிறுவனத்துடையவை. கீழே முகவரி எங்களுடையது, கைபேசி என்னுடையது. எங்கள் பதிவுச் சான்றிதழை எடுத்து வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு, அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பணம் வர வேண்டியவர் தேடத்தான் செய்வார்.

அமைச்சகப் பதிவேட்டில் யாரும் பார்க்கும் பக்கத்தில் என் கைபேசி எண் இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? அந்தத் தாளில் பின்கோடு 400089 என்றிருந்ததுதான் துப்புக் கொடுத்தது. எங்கள் வீடு 400071. 400089 பக்கத்தில் இருக்கும் திலக் நகருக்கு உரியது. அந்தத் தவறான பின்கோடு வேறு ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: எங்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்த பையன் டொமைன் வாங்கியபோது நிரப்பிய படிவத்தில். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே மாதம் நடைமுறைக்கு வரும்வரை, டாட் காம் டொமைன் வைத்திருப்பவரின் பெயர், முகவரி, ஃபோன் எண் எல்லாம் 'ஹூயிஸ்' பதிவில் உலகமே பார்க்கும்படி இருந்தன. மறைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தனிக் கட்டணம். டொமைன் வாங்கிய மறுநாளே "வெப்சைட் டிசைன் வேணுமா மேடம்" என்று அழைப்புகள் குவிந்ததை அந்தக் காலத்தில் தொழில் தொடங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018-க்குப் பிறகு அந்த விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டன. ஆனால் அதற்கு முன்பே அள்ளி வைத்துக்கொண்டவர்களிடம் அவை இன்னும் இருக்கின்றன.

அந்த டைரக்டரிக்கு எழுதினேன். அடையாளத்தை நிரூபிக்க ஆதார், பான் இரண்டின் நகலையும் அனுப்பும்படி பதில் வந்தது. என் ஃபோன் எண்ணையே பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களிடம் ஆதாரைக் கொடுப்பதா? "எண் என்னுடையது என்பதுதானே உங்கள் சந்தேகம், நீங்கள் வெளியிட்டிருக்கும் அதே எண்ணுக்கு ஓடிபி அனுப்புங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன்" என்று எழுதினேன். கூடவே, இரண்டு சிஐஎன் எண்களையும் குறிப்பிட்டு, வேறொரு நிறுவனத்தின் கடனை என் வீட்டு வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் சேர்த்தேன். தங்களை இடைத்தளம் (பிறர் தரும் தகவலைக் காட்டும் தளம்) என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரைத் தளத்தில் வெளியிட வேண்டும், புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், சாதாரணமாகக் குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும் (முன்பு 15 நாள், 2026 பிப்ரவரியிலிருந்து 7 நாள்). பொது மின்னஞ்சலை விட்டுவிட்டு அந்த அலுவலருக்கே அனுப்பியது பலித்தது. ஓடிபி வந்தது, பக்கம் போனது. சில மாதங்கள் கழித்து வேறு இணைப்பில் மறுபடி தலைகாட்டியது. பழைய புகார் எண்ணை மேற்கோள் காட்டி எழுதியதும் அதுவும் போனது. ஆகவே புகார் எண்ணை அழித்துவிடாதீர்கள். எப்படியும் ஆவணம் கொடுத்தே தீர வேண்டும் என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

நீங்கள் செய்ய வேண்டியதை இதிலிருந்தே ஊகித்திருப்பீர்கள். முதலில் உங்கள் எண்ணை மேற்கோள் குறிகளுக்குள் போட்டுத் தேடுங்கள். பத்து இலக்கமாக ஒரு முறை, ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒரு முறை, 91 சேர்த்து ஒரு முறை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு தளங்கள் வரும். வந்த பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரின் எழுத்துக்கூட்டல், பழைய கதவு எண், பின்கோடு ஆகியவற்றைக் கவனியுங்கள். எந்தப் படிவத்தில் அப்படி எழுதினோம் என்று யோசித்தால் மூலம் கிடைத்துவிடும். நீங்களே திறந்த கணக்கு என்றால் உள்ளே போய் நீக்குங்கள். கடவுச்சொல் மறந்திருந்தாலும் அந்த எண் உங்களிடம் இருக்கும்வரை மீட்டுவிடலாம்.

ட்ரூகாலர் போன்ற செயலிகளில் நீங்கள் சேராவிட்டாலும் உங்கள் பெயர் இருக்கலாம். ட்ரூகாலரில் கணக்கு வைத்திருந்தால் முதலில் செயலிக்குள் அதை முடக்கிவிட்டு, பிறகு அவர்களுடைய தளத்தில் உள்ள அன்லிஸ்ட் பக்கத்தில் நாட்டுக் குறியீட்டோடு எண்ணைக் கொடுக்க வேண்டும். மறுபடி செயலியில் சேர்ந்தால் பெயரும் மறுபடி வந்துவிடும். தொழில் செய்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: பெயர் தெரியாத அழைப்பை இப்போது பலர் எடுப்பதே இல்லை.

கூகுள் 2022-லிருந்து ஃபோன் எண், முகவரி, மின்னஞ்சல் ஆகியவை வரும் பக்கங்களைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லும் கோரிக்கைகளை விரிவாக ஏற்கிறது. அதனால் பக்கம் அழியாது, கூகுளில் வராது, அவ்வளவுதான். தளத்துக்காரர் நீக்கிய பிறகும் தேடலில் பழைய வரிகள் தெரிந்தால், காலாவதியான முடிவைப் புதுப்பிக்கக் கோரும் படிவம் தனியாக இருக்கிறது.

சட்டத்தைப் பெரிதாக நம்பிவிடாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் தனிப் பாதுகாப்புத் தரும் தரவுகளின் பட்டியலில் கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு எல்லாம் உண்டு. ஃபோன் எண்ணும் முகவரியும் கிடையாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அப்போதும், நாமே பொதுவெளியில் வைத்த தகவலுக்கும், சட்டக் கடமையால் வெளியிடப்பட்ட தகவலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. எல்லாவற்றையும் நீக்க முடியாது என்று நான் முதலிலேயே சொன்னதன் பொருள் இதுதான்: கம்பெனிப் பதிவேட்டில் உள்ள முகவரியை யாராலும் எடுக்க முடியாது. நிறுவனம் இன்னும் நடக்கிறது என்றால் பதிவு அலுவலகத்தை வேறிடத்துக்கு மாற்றுவது ஒன்றே வழி.

"அந்தக் காலத்தில் டெலிபோன் டைரக்டரியில் எல்லார் முகவரியும் இருந்ததே, அப்போது யார் அழுதார்கள்" என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எம்டிஎன்எல் டைரக்டரி எங்கள் வீட்டிலும் ஸ்டூலின் மேல் கிடந்தது. அதில் பெயர் தெரிந்தால்தான் எண் கிடைக்கும். எண்ணை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, யாருடைய நிறுவனத்தில் யார் இயக்குநர் என்று அது சொல்லாது. பெயரைத் தவறாக அச்சடித்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதும் தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு, எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் செயலாளர் பார்க்கிங் ஸ்டிக்கர் கொடுப்பதற்காக எல்லா உறுப்பினர்களின் பெயர், ஃபிளாட் எண், கைபேசி எண் கொண்ட எக்ஸெல் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மகாராஷ்டிர விதிகளின்படி சொசைட்டி ஐ படிவத்திலும் ஜே படிவத்திலும் உறுப்பினர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். காலி செய்துகொண்டு போன வாடகைதாரர்களும் இரண்டு வீட்டுத் தரகர்களும் இருக்கும் குழுவில் அதைப் போட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கேட்டதற்கு, எல்லாரும் நம்மவர்கள்தானே என்றார். ஃபிளாட்டை விற்கிறீர்களா என்று அந்த வாரம் முழுவதும் அழைப்புகள்.

இனி எண்ணை மாற்றுவது பற்றி. நீங்கள் கைவிட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். வங்கி, ஆதார், வருமான வரி, கேஸ் பதிவு, எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணில் இருக்கும். ஒன்றை மாற்ற மறந்தாலும் வம்பு. டைரக்டரிகளிலோ உங்கள் பெயரோடு அந்த எண் அப்படியே கிடக்கும், உங்களைத் தேடுபவர்கள் யாரோ ஒரு அப்பாவியை அழைத்துக்கொண்டிருப்பார்கள், நீக்கக் கோரி ஓடிபி வாங்கும் வழியும் உங்களுக்கு அடைபட்டுவிடும். பழைய எண்ணை வங்கிக்கும் வீட்டுக்கும் வைத்துக்கொண்டு, விசிட்டிங் கார்டு, டொமைன், டைரக்டரி, சொசைட்டி வாட்ச்மேன் நீட்டும் நோட்டு எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். என் தம்பி தன் புதிய தொழிலுக்கு அதை ஒரு பழைய பட்டன் ஃபோனில் போட்டு வைத்திருக்கிறான். சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் அது அணைந்திருக்கும்.