செவர்லே (செவி) 350 எஞ்சினில் பெரிய கேம்ஷாஃப்ட் (கேம், வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டால் எவ்வளவு ஸ்டால் உள்ள டார்க் கன்வெர்ட்டர் வாங்கலாம்?

கன்வெர்ட்டர் என்பது எஞ்சின் சக்தியை ஆயில் வழியாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். வண்டி நகராமல் நிற்கும்போது எஞ்சின் எட்டக்கூடிய உச்ச ஆர்பிஎம்தான் ஸ்டால். உங்கள் வண்டியில் டிஹெச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 3.73 விகித பின் ஆக்சில், 26 அங்குல டயர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேமோடு வரும் விவர அட்டையை (கேம் கார்டு) பாருங்கள். கேமின் பவர் 2,500 ஆர்பிஎம்மில் தொடங்கினால், 2,800 அளவிலான ஸ்டால் பொருந்தும். 3,500 வேண்டாம், அது பந்தய டிராக் ஓட்டத்துக்கானது.

காரணம் நெடுஞ்சாலை. மணிக்கு 60 மைலில் உங்கள் எஞ்சின் சுமார் 2,900 ஆர்பிஎம் சுற்றும். ஸ்டால் அதைவிட மிக உயர்ந்தால், கன்வெர்ட்டர் ஓயாமல் வழுக்கும். ஆயில் கொதித்து கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டுகள் கருகும். இந்த கியர்பாக்ஸில் வழுக்கலை நிறுத்தும் லாக்-அப் பூட்டும் கிடையாது. அதனால் தனி ஆயில் கூலர் கட்டாயம். ஆயில் வெப்பம் 93 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பெட்டியில் அச்சிட்ட ஸ்டால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். டார்க் (முறுக்குவிசை) அதிகமுள்ள எஞ்சினில் அதே கன்வெர்ட்டர் இன்னும் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஸ்டால் ஆகும். கேம், வண்டி எடை, ஆக்சில் விகிதம் மூன்றையும் தயாரிப்பாளரிடம் சொல்லிக் கேளுங்கள்.

மாட்டும்போது கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, சுழற்றியபடியே கியர்பாக்ஸ் பம்பில் முழுதாக இறங்கும்வரை தள்ளுங்கள். கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைத்தபின் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (எஞ்சினின் பின்புறம் சுழலும் தட்டு) கன்வெர்ட்டருக்கும் 3 முதல் 5 மிமீ இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட் போட்டு இறுக்கினால், முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும்.