தாத்தா ஏறிய கப்பல்

கேள்வி: ஐ.நா.வின் மனித மேம்பாட்டுப் பட்டியலில் (2025) இலங்கைக்கு 89-வது இடம், இந்தியாவுக்கு 130. இலங்கைத் தேயிலை மலையில், ஹட்டனில் இருக்கும் என் தாத்தாவின் தம்பி பேரன் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உன் தாத்தா தப்பான கப்பலில் ஏறிட்டார்டா" என்று சிரிக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: தாத்தா ஏறினாரா, ஏற்றிவிட்டார்களா? முதலில் அதைக் கேளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களிடமிருந்து 1948-லேயே குடியுரிமையைப் பிடுங்கியாயிற்று. 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று கொழுந்து நிறுப்பதுபோலப் பிரித்துக்கொண்டார்கள். உங்கள் தாத்தாவிடம் ரேங்க் பட்டியலைக் காட்டி யாரும் விருப்பம் கேட்கவில்லை. பட்டியலே 1990-ல்தான் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக். ஒரு நாட்டின் வாழ்க்கையை ஒரே எண்ணுக்குள் அடைப்பதா என்று அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர் அமர்த்தியா சென் தயங்கினார். ஹக் விடவில்லை. தலா வருமானம் என்கிற முரட்டு எண்ணோடு மோத இன்னொரு முரட்டு எண்தான் சரி என்றார். ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றும் சேர்ந்ததுதான் இந்தக் குறியீடு.

2022-ல் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த இலங்கை இன்னும் நமக்கு மேலே நிற்கும் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. 1940-களில் அந்த நாட்டுக் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, காசு வாங்காத அரசு ஆஸ்பத்திரி. கஜானா காலியாகலாம், ஐம்பது வயதுக்காரர் படித்து முடித்த பத்தாம் வகுப்பு காலியாகாது. இங்கே 25 வயதைத் தாண்டியவர்கள் பள்ளியில் கழித்த காலம் சராசரியாக 6.9 வருடம். நமக்கு உதை விழுவது அங்கேதான். இதில் சப்பைக்கட்டு கட்ட எனக்கு மனமில்லை.

சரி, அந்த 89-ல் உங்கள் சொந்தக்காரப் பையனின் பங்கு எவ்வளவு? தோட்டப் பள்ளிகளை இலங்கை அரசு எடுத்துக்கொண்டது எழுபதுகளில்தான். நாடெல்லாம் இலவசமாகப் படித்த ஒரு தலைமுறைக் காலம் லயத்துப் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பிள்ளைகளுக்குக் கிடைத்தது தோட்டத்துப் பள்ளி மட்டுமே. அவர்கள் முறை வந்தபோது, தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. இன்றும் அந்த நாட்டுச் சராசரிக்குப் பின்னால்தான் தோட்டங்கள் நிற்கின்றன. கொழும்பு வாங்கிய மார்க்கை ஹட்டன்காரர் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். எழுதட்டும், பாவம்.

நாமும் அப்படித்தான். அதே பட்டியலில் இந்தியாவின் மதிப்பு 0.685, ஏற்றத்தாழ்வைக் கழித்தால் 0.475. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது! அது எங்கே போனது என்று பார்க்க டெல்லி வரை போகவேண்டாம். ஊட்டியில் வருடத்துக்குப் பத்து நாள் மட்டும் ஜன்னல் திறக்கும் பங்களாவும், நீங்கள் இருக்கும் லைன் வீடும் சேர்ந்ததுதான் நீலகிரிச் சராசரி. தாயகம் திரும்பியோருக்காக 1968-ல் அரசே தேயிலை போட ஆரம்பித்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் வேலை கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் லயத்திலிருந்து வந்தவரை லைனில் கொண்டுவந்து வைத்தது. கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-ல் முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில் பட்டாவுக்கு அலைகிறவருக்கும், விடியற்காலையில் யானை போய்விட்டதா என்று பார்த்துவிட்டு இலை எடுக்கப் போகிறவருக்கும் அந்தப் பட்டியலில் பத்தியே கிடையாது.

ஹட்டன் தம்பிக்கு ஒரு கேள்வியை மட்டும் அனுப்புங்கள். அவன் அம்மா எத்தனையாவது வரை படித்தார்? அப்படியே உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.