கூட்டத்துக்கு வராத பெற்றோர்

கேள்வி: திருப்பூர் அருகே அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் 32 பேரில் 11 பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். பெற்றோர் கூட்டத்துக்கு அந்த வீடுகளிலிருந்து ஒருவர்கூட வருவதில்லை. கையெழுத்துக்கு அனுப்பும் சீட்டும் அப்படியே திரும்பி வருகிறது. இத்தனை அக்கறையில்லாதவர்களை எப்படி வரவழைப்பது?

பதில்: அக்கறையில்லை என்ற முடிவைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கூட்டம் எத்தனை மணிக்கு? வெள்ளிக்கிழமை மூன்று மணி என்றால், பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் எப்படி வருவார்? அரை நாள் விட்டால் வாரச் சம்பளத்தில் இடிக்கும். ஒரு ஞாயிறு மாலை, அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலிலேயே கூட்டத்தை வைத்துப் பாருங்கள்.

சீட்டு தமிழில்தானே போகிறது? இந்தியில் எழுதினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஒடிசாக்காரர் வீட்டில் பேசுவது ஒடியா. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் சந்தாலி பேசுபவராகவும் இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். பல வருடமாக இங்கேயே இருந்து தமிழ் பழகிய ஓர் அம்மா பேசிக் கொடுத்தால் போதும். இதற்கு இரண்டு பேர் மட்டும் வேண்டாம். ஒன்று, பிள்ளை: தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை நமக்குத் தெரியாததா! இன்னொன்று, ஆள் கூட்டிவந்த ஏஜென்ட். அவர் எதிரில் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். முதல் பேச்சில் புகாரே வேண்டாம். பிள்ளை நன்றாகச் செய்யும் ஒன்றைச் சொல்லுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அவர்களில் ஒருவராவது இருக்கட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அதே சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பல குடும்பங்கள் முதலில் பயப்படுவது இந்தத் தாளுக்குத்தான். அலுவலக வாசலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

பிறகு, நீண்ட விடுப்பு. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சத் பூஜை. பீகார்க்காரர் ஊருக்குப் போகத்தான் செய்வார். ஜூன் நடுவில் ஒடிசாவின் ரஜ பண்டிகை, அதாவது நம் பள்ளி திறக்கும் நேரம். போகாதே என்றால் சொல்லாமல் போவார்கள். கிளம்பும் முன்பே திரும்பும் தேதியையும் ஊரில் உள்ள ஒரு போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். தேதி தாண்டினால், பெயரை நீக்கும் யோசனைக்கு முன் அந்த நம்பருக்கு ஒருமுறை கூப்பிடுங்கள்.