மகன் விளையாடும் கேம் நல்லதா? பக்கத்தில் இருந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் மகன் தரம் 6 படிக்கிறான். கனடாவில் இருக்கும் மாமா கொடுத்துவிட்ட டெப்பில் மைன்கிராஃப்ட், ஃப்ரீ ஃபயர் இரண்டும் விளையாடுகிறான். “மூளை வேலை செய்யிற கேம்தானே, விடும்” என்கிறார் இவர். எனக்கு மனம் ஆறவில்லை. பிள்ளைக்கு நல்லதா என்று எப்படி அறிவது?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அவன் விளையாடுவதை ஒருநாளாவது முழுதாகப் பக்கத்தில் இருந்து பார்த்தீர்களா, அம்மா? வருகிற சனிக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். குறை சொல்லாமல், “எனக்கும் சொல்லித்தா” என்று கேட்டு இருங்கள்.

மைன்கிராஃப்டில் மரம் வெட்டி, கல் தோண்டி, இரும்புத்தாதை உலையில் உருக்கி, கருவி செய்து வீடு கட்டுவான். ஏன் இந்த இடத்தில் கட்டினாய், அந்தச் சுவர் எப்படி உடைந்தது என்று கேளுங்கள். உற்சாகமாக விளக்கத் தொடங்கினால் அவன் திட்டமிடுகிறான், பிழை திருத்துகிறான். அந்த நேரத்தை வீண் என்று நான் சொல்லமாட்டேன். அதே கேமில் முகம் தெரியாதவர்களோடு மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கவும் முடியும். அதனால்தான் பெயரைக் கேட்டு விட்டு முடிவு சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஃப்ரீ ஃபயர் வேறு மாதிரி. 50 பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசி ஆள் அல்லது அணி மிஞ்சும்வரை சுடுவார்கள். வேகமான இவ்வகைக் கேம்களால் பார்வைக் கவனம் கூடும் என்று 2003இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் கணவர் சொல்வதில் அந்தளவு உண்மை உண்டு. அதற்காகக் கணக்குப் பாடம் ஏறிவிடாது. துப்பாக்கியை விட என்னைக் கவலைப்படுத்துவது டயமண்ட் என்ற கேம் நாணயம். காசு கொடுத்து அதை வாங்கி, என்ன பரிசு விழும் என்று தெரியாமலே அதிர்ஷ்டச் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். பதினொரு வயதில் இது சூதாட்டப் பழக்கம். காசு கட்டித் திறக்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளை பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. டெப்பில் யாருடைய வங்கி அட்டை இணைந்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அடுத்து, கேம் எதைத் தள்ளிவிட்டது? இந்த வயதில் 9 முதல் 12 மணித்தியாலம் நித்திரை வேண்டும். பின்னேரம் ஒழுங்கையில் கிரிக்கெட் அடித்த பிள்ளை இப்போதும் போகிறானா?

நிறுத்தச் சொன்னதும் ஒருநாள் கத்தினான் என்பதற்காக ‘அடிமை’ என்று சொல்லிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் கேமிங் கோளாறு இருக்கிறது. கட்டுப்பாடு இல்லாமற்போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக கேமே முந்துவது, கெடுதி கண்டும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். ஆனாலும் அந்த மூன்றும் தலைகாட்டினால் வருடம் முடியும்வரை காத்திராதீர்கள், யாழ். போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள்.

ஃப்ரீ ஃபயரில் ஒரு சுற்று ஏறக்குறைய 10 நிமிடம். நடுவில் பறித்தால், தன்னோடு விளையாடும் நண்பர்களை அவன் கைவிட்டதாகிவிடும். “இந்தச் சுற்றோடு வை” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இரவில் டெப் உங்கள் அறையில் இருக்கட்டும்.